கேக்குது, பேச முடியல: ஜீப்பில் ரேடியோ பொருத்தின கதை

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. மறுநாள் காலையில திருக்கனூர்ல போன் சிக்னல் வரும், போகும். கரண்ட் இல்லை. நான் ஜீப்பை எடுத்துக்கிட்டு வயல் பக்கம் போனேன். ஒரு தரைப்பாலத்துக்கு மேல தண்ணி ஓடிக்கிட்டு இருந்ததால, இஞ்ஜினை நிறுத்திட்டு ஓரமா நின்னேன்.

அப்பதான் டேஷ்போர்டுக்குக் கீழ இருந்த ரேடியோவுல வில்லியனூர் நண்பர் குரல் வந்தது. அவரும் ஹாம்தான், வீட்டு மொட்டை மாடியில ஏரியல் வச்சிருக்கார். எங்க பக்கத்துல இருந்து டயாலிசிஸுக்குப் போக வேண்டிய ஒருத்தரை வேன்ல கூட்டிட்டு வரப்போறாங்க, அந்த வழி திறந்திருக்கான்னு கேட்டார். வழி என் கண்ணு முன்னாடி மூழ்கிக் கிடக்கு. மைக் பட்டனை அழுத்தினேன். ரேடியோ அணைஞ்சுபோச்சு. விட்டா உயிர் வந்துடுது, அழுத்தினா செத்துடுது. மூணு தடவை அவர் கேட்டது தெளிவா காதுல விழுந்தது, என்னால ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியல.

நாலாவது தடவைதான் புத்தி வந்தது. பவரை 50 வாட்டில் இருந்து 5 வாட்டுக்குக் குறைச்சேன். பேச்சு போச்சு. கரகரன்னு இருந்தாலும் அவருக்குப் புரிஞ்சது. வேனை வேற வழியா திருப்பினாங்க.

செட்டுல ஒரு குறையும் இல்லை. அதைப் பொருத்தினது நான், பொருத்தின விதம்தான் தப்பு. அதைப் பத்திதான் இந்தக் குறிப்பு. ஜீப், தார், பொலேரோன்னு காட்டு வழியில ஓடுற வண்டியில ரேடியோ வைக்க நினைக்கிறவங்களுக்கு உதவும்.

முதல்ல சட்டம், ஏன்னா கேக்காமலேயே நிறைய பேர் தப்பு பண்றாங்க. ஆன்லைன்ல சில ஆயிரத்துக்கு வாக்கி டாக்கி கிடைக்குதுன்னு வாங்கி வண்டியில வைக்கக் கூடாது. அந்த மாதிரி செட்டு பலதும் போலீஸ் அலைவரிசை வரைக்கும் பேசும். 2025 மே மாசம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த ஆன்லைன் விற்பனைக்கு எதிரா நடவடிக்கை எடுத்தது. உரிமம் இல்லாம பயன்படுத்த 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு சின்ன இடம் இருக்கு, ஆனா அது கையில பிடிக்கிற குறைஞ்ச சக்தி செட்டுக்கு. 27 மெகாஹெர்ட்ஸ் சிட்டிசன் பேண்டும் இருக்கு, 5 வாட் வரைக்கும். அதுல ஒழுங்கான கால் அலை ஏரியல் வைக்கணும்னா 2.7 மீட்டர் நீளம் வேணும். புளியமரக் கிளைக்குக் கீழ போற வண்டியில அதை நினைச்சுப் பாருங்க.

நான் வச்சிருக்கிறது அமெச்சூர் உரிமம். மத்திய அரசோட டபிள்யூ.பி.சி. பிரிவு பரீட்சை வச்சுக் கொடுக்கிறது. ரேடியோ தத்துவம் ஒரு பாகம், விதிமுறை ஒரு பாகம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு வியூ3-ல் தொடங்கற அழைப்புக்குறி, ஜெனரல் கிரேடுக்கு வியூ2. இந்தியாவுல 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை எங்களுக்கு உண்டு. உரிமம் மத்திய அரசு தர்றதால எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு நிம்மதி: புதுச்சேரி மாவட்டம் துண்டு துண்டா கிடக்கு, பத்து நிமிஷம் ஓட்டினா விழுப்புரம் மாவட்டத்துக்குள்ள போய், திரும்ப மண்ணாடிப்பட்டு கொம்யூனுக்குள்ள வர வேண்டியிருக்கும். எல்லை தாண்டினாலும் உரிமம் மாறாது. ஆனா வியாபாரம் பேசக் கூடாது. கரும்பு லோடு எங்க இருக்கு, டிராக்டர் எப்ப வரும்னு தொழிலுக்கு அதைப் பயன்படுத்த முடியாது.

இப்ப என் தப்புக்கு வர்றேன். நான் ரேடியோவுக்குக் கரண்ட் எடுத்தது சிகரெட் லைட்டர் சாக்கெட்ல இருந்து. ஒயர் ஓட்ட சோம்பேறித்தனம், அவ்வளவுதான். கேக்கும்போது செட் அரை ஆம்ப் மாதிரிதான் இழுக்கும். 50 வாட்ல பேசும்போது பத்து ஆம்ப், அதுக்கு மேலயும் போகும். சாக்கெட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஒயர் போன் சார்ஜருக்குப் போட்ட மெல்லிசு ஒயர்.

கணக்கு போட்டுப் பார்த்தா விஷயம் பளிச்சுன்னு தெரியும். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஒரு மீட்டருக்கு 24 மில்லி ஓம் மாதிரி தடை காட்டும். பேட்டரியில இருந்து செட் வரை 3 மீட்டர், திரும்பி வர 3 மீட்டர், மொத்தம் 6. அதாவது 0.14 ஓம். பத்து ஆம்ப் ஓடினா ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் ஒயர்லயே போயிடும். இஞ்ஜின் நிறுத்தின வண்டியில பேட்டரி 12.4 வோல்ட். செட்டுக்குக் கிடைச்சது 11-க்கும் கீழ. பல செட்டுக்கு 13.8 வோல்ட், அதுல 15 சதவீதம் கூடக் குறையன்னு போட்டிருக்கும். கீழ் எல்லை 11.7. அதான் பட்டனை அழுத்தினதும் அணைஞ்சது. 5 வாட்டுக்கு மாத்தினதும் இழுக்கிற கரண்ட் குறைஞ்சது, வோல்ட்டும் நின்னது. அன்னைக்கு இஞ்ஜினை ஓட விட்டிருந்தாலே போதும், ஆல்டர்னேட்டர் காப்பாத்தியிருக்கும். பதட்டத்துல அது தோணல.

அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டா இழப்பு 0.3 வோல்ட்தான். இப்ப என் ஜீப்ல அதான் ஓடுது, நேரா பேட்டரியில இருந்து. பாசிட்டிவ்ல ஃபியூஸ், பேட்டரி முனைக்கு எவ்வளவு பக்கத்துல முடியுமோ அவ்வளவு பக்கத்துல. ஃபியூஸ் காப்பாத்துறது ஒயரை, செட்டை இல்லை. செட்டுக்குப் பக்கத்துல ஃபியூஸ் வச்சா, நடுவுல ஒயர் உரசிப் பாடியில பட்டுச்சுன்னா நெருப்புதான். காட்டு வழியில வண்டி குலுங்கும், உரசாம இருக்காது. அதனால ஃபயர்வால் ஓட்டையில ரப்பர் கிராமெட் போட்டு, ஒயர்மேல நெளி டியூப் மாட்டி, கிளிப் போட்டு இறுக்குங்க. இன்சுலேஷன் டேப் நம்ம வெயிலுக்கு ஆறு மாசத்துல பிசினா ஒழுகும்.

நெகட்டிவ் விஷயத்துல ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. பழைய வண்டியில பேட்டரி நெகட்டிவ்ல இருந்தே எடுத்தா அதுலயும் ஒரு ஃபியூஸ் வேணும். இஞ்ஜினுக்கும் பாடிக்கும் போற எர்த் பட்டை துருப்பிடிச்சு அறுந்துட்டா, ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கிற நூத்துக்கணக்கான ஆம்ப் உங்க ரேடியோ ஒயர் வழியாத் திரும்பப் பார்க்கும். புது வண்டியில பேட்டரி நெகட்டிவ் முனையில கரண்டை அளக்கிற சென்சார் இருந்தா அந்த முனையைத் தொடாதீங்க. பக்கத்துல பாடி போல்ட்ல பெயிண்ட்டைச் சுரண்டிட்டு மாட்டுங்க.

ஏரியல்தான் அடுத்தது. செட்டுக்குப் பணத்தைக் கொட்டிட்டு ஏரியலை ஏனோதானோன்னு மாட்டறவங்கதான் அதிகம். 145 மெகாஹெர்ட்ஸ்ல கால் அலை 49 சென்டிமீட்டர் மாதிரி வரும். அந்தக் குச்சி பாதி ஏரியல்தான், மீதிப் பாதி அதுக்குக் கீழ இருக்கிற இரும்புத் தகடு. பொலேரோ கூரை நடுவுல மாட்டினா பிரமாதமா வேலை செய்யும். என் ஜீப் கேன்வாஸ் கூரை. அதுல கால் அலைக் குச்சி மாட்ட இடமே இல்லை. அதனால தகடு தேவைப்படாத அரை அலை ஏரியலைப் பின்பக்க ஸ்டெப்னி பிராக்கெட்ல மாட்டியிருக்கேன். ஒண்ணு கவனிக்கணும்: இரும்புக் கூரை இருந்தா அது உள்ளே இருக்கிறவங்களை அலையில இருந்து மறைக்கும், கேன்வாஸ் மறைக்காது. பின்சீட்ல யாராவது உட்கார்ந்திருந்தா நான் 50 வாட்ல பேசறதில்லை.

ஏரியல் கேபிளுக்கு ஆர்ஜி-58 போட்டா 4 மீட்டர்ல 50 வாட் 42 வாட்டா குறையும். வண்டிக்கு அது பரவாயில்லை. முதல் தடவை பேசறதுக்கு முன்னாடி எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வச்சுப் பார்த்துடுங்க. 1.5-க்குள்ள இருந்தா நல்லது. 3-ஐத் தாண்டினா ஏரியலுக்குப் போன சக்தியில கால்வாசி திரும்பி வருதுன்னு அர்த்தம். பல தடவை காரணம், பிராக்கெட்டுக்குக் கீழ சுரண்டாம விட்ட பெயிண்ட்.

எவ்வளவு தூரம் எட்டும்? இதுக்கு வாட்டை விட உயரம்தான் முக்கியம். ஏரியல் உயரத்தை மீட்டர்ல எடுத்து, அதோட வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்குங்க, அடிவானம் கிலோமீட்டர்ல வரும். ரெண்டு பக்கத்துக்கும் போட்டுக் கூட்டணும். 2 மீட்டர் உயர ஏரியல் வச்ச ரெண்டு ஜீப்புக்கு நடுவுல 11.7 கிலோமீட்டர், அதுவும் மரம், வீடு இல்லாத வெட்டவெளியில. நண்பர் வீட்டு மாடி ஏரியல் 12 மீட்டர் இருக்கும். அவருக்கும் எனக்கும் 20 கிலோமீட்டர் கிடைக்குது. அதனாலதான் அன்னைக்கு 5 வாட்டே போதுமானதா இருந்தது. 2011 டிசம்பர் 30 தானே புயல் அடிச்ச அனுபவம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், கரண்ட் போனா செல்போன் டவர் பேட்டரியும் டீசலும் இருக்கிற வரைக்கும்தான். 2004 சுனாமி அன்னைக்கு பாரதி பிரசாத் போர்ட் பிளேர்ல இருந்து ரேடியோவுல வெளி உலகத்தோட பேசினாங்க. அங்க அவங்க போயிருந்தது சுனாமிக்காக இல்லை, அமெச்சூர் ரேடியோ முகாம் ஒண்ணுக்காக. செட்டும் ஏரியலும் ஏற்கெனவே மாட்டி, ஓட்டிப் பார்த்து இருந்தது, அதான் கைகொடுத்தது.

கடைசியா இரைச்சல். ஸ்பீக்கர்ல வர்ற விசில் சத்தம் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏறினா ஆல்டர்னேட்டர்தான். ஏரியல் கேபிளைக் கழட்டிப் பாருங்க. அப்பவும் விசில் இருந்தா கரண்ட் ஒயர் வழியா வருது, நின்னுட்டா ஏரியல் வழியா வருது. என் வண்டியில ரெண்டும் இல்லை. சந்தையில வாங்கின எல்.இ.டி. லைட் பட்டையைப் போட்டதும் நண்பர் குரல் மூழ்கிடும். அதோட ஒயர்ல ஃபெரைட் வளையம் போட்டுப் பாதி குறைஞ்சது. மீதிக்கு, பேசும்போது லைட்டை அணைச்சுடறேன்.

இப்ப மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அதே தரைப்பாலத்துக்குப் போய், இஞ்ஜினை நிறுத்திட்டு 50 வாட்ல கூப்பிடறேன். போன மாசம் பேசும்போது செட் முனையில 12.1 வோல்ட் காட்டுச்சு.