கரும்பும் சூரியனும் நாலு கலரில்

பழைய பொங்கல் வாழ்த்து அட்டை கைக்குக் கிடைத்தால், படத்தை ரசிப்பதற்கு முன் பானையின் விளிம்பைப் பாருங்கள். நகைக்கடையில் கல் பார்க்க வைத்திருப்பார்களே, அந்த லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. மஞ்சள் பானையின் ஓரத்தில் மயிரிழை அளவுக்குச் சிவப்பு வெளியே வழிந்து நிற்கும். காளையின் கொம்பை ஒட்டி இன்னொரு கொம்பு நீல நிழலாகத் தெரியும். அச்சகத்தில் இதை 'ரிஜிஸ்டர் அவுட்' என்பார்கள். மெஷின்மேனுக்குத் திட்டு வாங்கித் தரும் குறைதான். ஆனால் அட்டை எப்படி அச்சானது என்பதை அதைவிடத் தெளிவாக வேறு எதுவும் சொல்லாது.

எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் இந்த அட்டைகளுக்கு ஒரு காலத்தில் நல்ல மவுசு. சிப்காட் வந்து, ரோலிங் மில்லும் ஃபவுண்டரியுமாக எழும்பிய பிறகு, தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் நாலைந்து பேராக அறை எடுத்துத் தங்கினார்கள். பொங்கலுக்கு எல்லாருக்கும் லீவு கிடைத்துவிடாது. ஊருக்குப் போக முடியாதவர்களுக்கு ஊர் தபாலில் வந்தது: வைக்கோல்போர், வாசல் கோலம், கொம்புக்கு வர்ணம் பூசிய மாடு.

எங்கள் பெரியப்பா ரோலிங் மில்லில் ஷிஃப்ட் பார்த்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பொங்கல் அட்டைக் கட்டு இருந்தது. அதில் ஒரு கவரின் மடிப்பும் ஒட்டப்படவில்லை, உள்ளே செருகியிருந்தது. கவரின் மேலே பேனாவில் 'புக் போஸ்ட்' என்று எழுதியிருந்தது. உள்ளே அச்சிட்ட வாழ்த்துப்பாவுக்குக் கீழே 'இப்படிக்கு' என்று போட்டுப் பெயர் மட்டும். ஒரு நலம் விசாரிப்புகூடக் கிடையாது. எழுத விஷயம் இல்லாமலா? அன்று தபால் இலாகாவின் கணக்கு அப்படி. ஒட்டாத கவரில் அச்சடித்த அட்டையை அனுப்பினால் கட்டணம் குறைவு. ஊர்க்கதை எழுதினால் அது கடிதமாகிவிடும், கட்டணமும் ஏறும். வேண்டுமானால் தபால்காரர் மடிப்பைத் திறந்து பார்க்கலாம். ஆகவே சொல்ல வேண்டியதை எல்லாம் படம்தான் சொல்ல வேண்டியிருந்தது. பொங்கல் அட்டையின் படம் அத்தனை நெரிசலாக, ஒரே சட்டத்துக்குள் பானை, கரும்பு, மாடு, குடும்பம், குடிசை, சூரியன் என்று எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

தபாலில் போகும் அட்டை என்பதே அவ்வளவு பழையதல்ல. 1869இல் ஆஸ்திரியா-ஹங்கேரி முதல் அஞ்சலட்டையை வெளியிட்டது. இந்தியாவில் 1879 ஜூலை 1 அன்று காலணா விலையில் வந்தது. படம் போட்ட தனியார் அட்டைகள் அதற்குப் பிறகு. அவற்றிலும் ஆரம்பத்தில் ஒரு பக்கம் முழுக்க முகவரிக்கே. சேதி எழுத வேண்டுமானால் படத்தின் ஓரத்தில் இடுக்கித்தான் எழுத வேண்டும். பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து, பாதி முகவரிக்கு, பாதி சேதிக்கு என்ற ஏற்பாட்டை 1902இல் பிரிட்டன் அனுமதித்தது. அமெரிக்காவில் 1907 மார்ச்சில்தான் அனுமதி கிடைத்தது. முன்பக்கம் முழுவதும் படத்துக்கே என்றானதும் பண்டிகை அட்டை வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

அந்த வியாபாரத்தில் நமக்கு நெருக்கமான கதை அமெரிக்காவுக்குப் போன ஐரிஷ்காரர்களுடையது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் கப்பலேறினார்கள். நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் குடியேறிய அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் நாளுக்கு அட்டை அனுப்பிக்கொண்டார்கள். பச்சைக் குன்று, ஷாம்ராக் என்ற மூவிலைத் தழை, ஹார்ப் என்ற நரம்புக் கருவி, களிமண் சுங்கான், ஓலைக்கூரை வீடு. அனுப்பியவர்களில் பலர் அந்த வீட்டைக் கண்ணால் பார்த்ததே இல்லை. இந்த அட்டைகளுக்கு வரைந்தவர்களில் பேர்போனவர் எல்லன் கிளாப்சேடில், 1865இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். எல்லாப் பண்டிகைக்குமாகச் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் வரைந்தார். குடிகாரக் கோமாளியாக ஐரிஷ்காரரைக் காட்டும் அட்டைகளும் கடையில் தொங்கின. ஐரிஷ் சங்கங்கள் அவற்றை எதிர்த்துச் சண்டை போட்டன.

இவ்வளவு பச்சையும் அச்சானது அயர்லாந்தில் இல்லை, அமெரிக்காவிலும் பெரும்பாலும் இல்லை. ஜெர்மனியில். முதல் உலகப் போர் வந்து அந்த வரத்து நின்றதும் படஅட்டைகளின் பொற்காலமும் முடிந்தது.

ஏன் ஜெர்மனி? கல்தான் காரணம். 1790களின் இறுதியில் அலாய்ஸ் செனஃபெல்டர் என்பவர், பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் பக்கம் கிடைக்கும் வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் அச்சடிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். செதுக்க வேண்டாம், குடைய வேண்டாம். கல்லின் மேல் கொழுப்பு மையால் வரைய வேண்டும், மேலே தண்ணீர் தடவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குள்ள தட்டில் தண்ணீர் ஒட்டாமல் ஓடுவதுபோல, வரைந்த இடம் தண்ணீரைத் தள்ளிவிடும். வெறுங்கல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இப்போது அச்சு மையை உருட்டினால் அது ஈரத்தில் ஒட்டாது, கோட்டில் மட்டும் பிடிக்கும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம். வண்ணத்துக்கு ஒரு கல் என்ற கணக்கில் பத்துப் பன்னிரண்டு கல் வைத்து ஒரே தாளில் திரும்பத் திரும்ப அடிப்பதுதான் குரோமோலித்தோகிராஃப். ஒவ்வொரு கல்லிலும் புள்ளி புள்ளியாகக் கையால் குத்தி நிறத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டுவருவார்கள். கன்னத்துச் சிவப்பு ஒரு கல்லில், உதட்டுச் சிவப்பு வேறொரு கல்லில் இருக்கும்.

இந்தியாவில் இதைப் பெரிய அளவில் பரப்பியவர் ரவிவர்மா. 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அதன் இயந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது, தொழில்நுட்பர்களும் அங்கிருந்தே வந்தார்கள். சிவகாசிக்கு அச்சு வந்தது வேறு வழியில். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டி என்றால் மேலே ஒட்ட லேபிள் வேண்டும். லேபிளுக்கு லித்தோ மெஷின் வேண்டும். லேபிள் அடித்த மெஷின் சும்மா நிற்கும் நாளில் காலண்டர் அடித்தது, பிறகு வாழ்த்து அட்டை அடித்தது. பக்கத்தில் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் காலண்டருக்குச் சாமி படம் வரைந்து கொடுத்தார்கள். நாடக சபைக்குத் திரைச்சீலை எழுதிய கை அவருடையது. பின்னணியில் மலை, நடுவில் ஆறு, முன்னால் ஆள் என்ற அந்தத் திரைச்சீலை அமைப்பைப் பொங்கல் அட்டைகளிலும் பார்க்கலாம். நெல் வயலே அரிதான கரிசல் சீமையிலிருந்துதான் தமிழ்நாடு முழுவதற்கும் பச்சை வயல் போனது.

பெரியப்பாவின் அட்டைக் கட்டில் இருப்பவை கல்லச்சு அல்ல, ஆஃப்செட். செனஃபெல்டரின் தத்துவம் அப்படியேதான். கல்லுக்குப் பதில் உருளையில் சுற்றிய மெல்லிய அலுமினிய பிளேட். ஈர உருளை முதலில் தடவும், மை உருளை அடுத்து தடவும். பிளேட் நேரே காகிதத்தைத் தொடாது. 'பிளாங்கெட்' எனப்படும் ரப்பர் போர்த்திய உருளைக்குப் படத்தைக் கொடுக்கும், அது காகிதத்துக்குக் கொடுக்கும். ரப்பர் நெகிழ்ந்து கொடுப்பதால் சொரசொரப்பான மலிவு அட்டையிலும் மை சீராகப் பதியும். இரண்டு முறை திரும்புவதால் பிளேட்டில் எழுத்து நேராகவே இருக்கும்.

நிறம் பிரிப்பதைக் கேமரா பார்த்துக்கொண்டது. ஓவியர் போஸ்டர் கலரில், அட்டையைவிடப் பெரிதாக வரைந்து கொடுப்பார். சிறிதாக்கும்போது பிசிறு மறையும் என்பதற்காக. சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தால் நீலத்துக்கான நெகட்டிவ், பச்சை ஃபில்டரில் கருஞ்சிவப்புக்கு, நீல ஃபில்டரில் மஞ்சளுக்கு. கூடவே கறுப்புக்கு ஒன்று. ஒவ்வொன்றும் சல்லடைக்கண் போன்ற திரை வழியாகப் புள்ளிகளாக மாறும். நான்கின் வரிசைகளும் வெவ்வேறு கோணத்தில் சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் படத்தில் அலையலையாகக் கோலம் விழும். லென்ஸில் பார்த்தால் தெரியும் சிறு பூ வட்டங்கள் இந்தச் சாய்வால் வருபவை.

ஒரு பெரிய தாளில் பல அட்டைகள் சேர்ந்து அச்சாகும். ஒற்றை வண்ண மெஷின் என்றால் அதே தாள் நான்கு முறை உள்ளே போய்வர வேண்டும். நடுவே காற்றில் ஈரம் ஏறினால் காகிதம் விரியும், காய்ந்தால் சுருங்கும். இரண்டாவது ஓட்டத்தில் சிவப்பு அரைப் புள்ளி தள்ளி விழ அவ்வளவே போதும். சிவகாசியின் காய்ந்த வானம் தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் தோதானது என்பார்கள். அச்சுத் தாளுக்கும் அது தோதுதான். பழவேற்காட்டு உப்புக்காற்று வீசும் எங்கள் பக்கம் ரீமைப் பிரித்து வைத்தால் மறுநாள் ஓரம் நெளிந்து நிற்கும்.

பெரியப்பாவின் அட்டைக் கட்டில் பலவற்றில் கரும்பு பச்சையாக இருக்கிறது. திருவாலங்காட்டு சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு வெளிர் நிறம். பொங்கலுக்கு வாசலில் சாத்துவது கருஞ்செந்நிறம். அச்சில் அந்த நிறம் வேண்டுமென்றால் நீலத்தின் மேல் கருஞ்சிவப்பு கச்சிதமாக உட்கார வேண்டும். சற்றே தவறினால் சேறு. பச்சைக்கு மஞ்சளும் நீலமும். அதில் மஞ்சள் தள்ளிப் போனாலும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஓவியருக்குக் கரும்பின் நிறம் தெரியாமல் இல்லை, மெஷினின் குணமும் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

சூரியன் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். இரண்டு மலைக்கு நடுவே கதிர் விரித்து எழும் சூரியன் பொங்கலுக்கும் பொருந்தும். 1957 தேர்தலிலிருந்து உதயசூரியனுக்குக் கட்சிச் சின்னம் என்ற வேறு அடையாளமும் சேர்ந்துகொண்டது. கடைக்காரர் அதைப் பண்டிகை அட்டையாக விற்றார், வாங்கியவர் தன் கட்சி அட்டையாக அனுப்பினார். இன்னொரு பக்கம் எம்.ஜி.ஆர், சிவாஜி, பிறகு ரஜினி, கமல் படம் போட்ட அட்டைகள். யாருக்கு எந்த நடிகர் படம் அனுப்புவது என்பதில் சிறுவர்கள் கவனமாக இருப்பார்கள். மாற்றி அனுப்பினால் நட்பே முறியும்.

கைப்பேசி வந்ததும் அட்டைக்கான தேவை அருகியது. சிவகாசி மெஷின்கள் காலண்டர், நோட்டு, பொட்டல அட்டை என்று திரும்பிக்கொண்டன.

உங்கள் வீட்டு அட்டையை நீங்களே சோதிக்கலாம். லென்ஸில் பார்க்கும்போது புள்ளிகள் ஒழுங்கான வரிசையில், பூ வட்டமாக இருந்தால் ஆஃப்செட். கையால் குத்தியதுபோலப் பெரிதும் சிறிதுமாக, வரிசையில்லாமல் சிதறிக் கிடந்து, நான்குக்கு மேல் தனித்தனி மை நிறம் தெரிந்தால் கல்லச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். ஜிகினா ஒட்டியதை விரலால் தேய்க்க வேண்டாம், பழைய பசை உதிர்ந்துவிடும். லேமினேட் செய்யவும் வேண்டாம். பின்பக்கத்தின் அடி விளிம்பைத் தேடுங்கள். சில அட்டைகளில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும்.