புகைச் சோதனையில் கியர்பாக்ஸ் கெடுமா?

புகைச் சான்று எடுக்கப் போனால் இன்ஜினை அலறவிடுவார்களே, கியர்பாக்ஸ் என்ன ஆகும் என்று ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் பயப்படுகிறார்கள். நம் ஊரில் நடக்கும் சோதனையில் கியர்பாக்ஸுக்குப் பெரிதாக வேலையே இல்லை. வண்டி நிற்கும், கியர் நியூட்ரலில் இருக்கும், சக்கரம் சுழலாது.

கலிபோர்னியாவில் கதை வேறு. அங்கே 1999 வரையிலான மாடல் பெட்ரோல் கார்கள் பலவற்றை உருளைமேல் ஏற்றி, கியர் போட்டு, மணிக்கு 15, 25 மைல் வேகத்தில் ஓட்டிச் சோதிக்கிறார்கள். நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் விசை போகும் காரில் இரண்டு சக்கரத்தை மட்டும் அப்படிச் சுழற்றினால் நடு டிஃபரென்ஷியல் சூடேறிப் பழுதாகலாம். அதனால் அந்த வகைக் கார்களை நிறுத்திவைத்தே சோதிக்கிறார்கள்.

நம் ஊரில் ஆபத்து ஆளின் அவசரத்தில்தான் வருகிறது. சில ஆட்டோமேட்டிக் கார்களில் நியூட்ரலில் ஓரளவுக்கு மேல் ஆர்பிஎம் ஏறாதபடி கம்பெனியே கட்டுப்படுத்தியிருக்கும். "ஏறலையே சார், டி-ல போட்டு பிரேக்க மிதிங்க" என்பார் ஊழியர். மிதிக்காதீர்கள். வண்டியை நகர்த்த முடியாத இன்ஜினின் சக்தி முழுக்க கியர் ஆயிலில் சூடாக இறங்கும். சில விநாடிகள் போதும். வண்டி பாய்ந்தால் எதிரே நிற்பவர் கதி என்னவாகும்? ஜன்னல் வழியே கையை விட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தும் வழக்கமும் உண்டு. நீங்களே சீட்டில் உட்காருங்கள், ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள்.

டீசல் வண்டிக்காரர்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது டைமிங் பெல்ட்டைப் பற்றி. டீசல் சோதனையில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து விடுவதைப் பலமுறை செய்வார்கள். மாற்ற வேண்டிய கிலோமீட்டரைத் தாண்டிய பெல்ட் அந்த நேரத்தில் அறுந்தால் வால்வு வளைந்து இன்ஜின் போய்விடும். ஆயில் அளவைப் பாருங்கள். பத்து நிமிடமாவது ஓட்டி, இன்ஜின் சூடான பிறகே மையத்துக்குள் நுழையுங்கள். குளிர்ந்த இன்ஜின் தேய்மானத்தோடு புகையையும் கூட்டிக் காட்டும்.

இதற்கெல்லாம் பயந்து சான்றே எடுக்காமல் இருப்பது கட்டுப்படியாகாது. புது வண்டிக்கு முதல் ஓராண்டு விலக்கு. அதன்பின் பிஎஸ் 4, பிஎஸ் 6 வண்டிகளுக்கு ஆண்டுக்கொரு முறையும் பழைய வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கொரு முறையும் எடுக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை போகும். வண்டியைக் கொண்டுபோகாமலே சான்று வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பணத்தை இழக்காதீர்கள்.

சோதனையின்போதே பழுதானால் வண்டியை அங்கிருந்து ஓட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம். மீட்டரில் எரியும் எச்சரிக்கை விளக்கைப் படம் எடுங்கள், கட்டண ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், டோ செய்து வேறொரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். கோளாறுக் குறியீடுகளை அழிப்பதற்கு முன் அச்செடுத்து, காரணத்தை மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்குங்கள். "ஏற்கெனவே கெட்டிருந்த வண்டி" என்றுதான் மையம் சொல்லும். அதை உடைக்க இந்தக் காகிதம் வேண்டும். சேவைக் குறைபாடு என்று தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.