ஒரே சட்டை, வேறு குலம்

எண்ணூர் விரைவுச் சாலையோரம் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடங்களில் எருக்கு மண்டிக் கிடக்கும். விநாயகர் சதுர்த்தியன்று மட்டும் நம் நினைவுக்கு வரும் செடி. இலையைப் புரட்டினால் கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு ஒன்று அகப்படலாம். அதுதான் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. எருக்கம்பாலில் உள்ள, இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சை அது உடம்பில் சேர்த்துக்கொள்ளும். ஆரஞ்சுச் சிறகு முளைத்த பிறகும் அந்த நஞ்சே காவல். ஒருமுறை தின்று வாந்தியெடுத்த பறவை அந்த ஆரஞ்சு நிறத்தை மறுபடி தொடாது.

ஹைபோலிம்னாஸ் மிசிப்பஸ் என்ற இன்னொரு பட்டாம்பூச்சியின் பெண், இதே ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறது. அதனிடம் நஞ்சே கிடையாது. அதன் புழு தின்பது பருப்புக்கீரை. ஆணுக்கோ கருஞ்சிறகு, அதில் பெரிய வெள்ளைப் பொட்டுகள். நிறத்தை மட்டும் நம்பினால் இணையைப் பிரித்து, அந்நியர்களைச் சேர்த்துவிடுவோம்.

உண்மையான உறவு வேறிடத்தில் இருக்கிறது. நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் என்ற பட்டாம்பூச்சிகள் பார்வைக்கு வெந்தய வரியன்போல இல்லை. ஆனால் மூன்றின் புழுக்களுக்கும் முள் கிடையாது. வழவழப்பான உடம்பில் சதைக்கொம்புகள் மட்டும். வெந்தய வரியனுக்கு மூன்று ஜோடி, நீல வரியனுக்கு இரண்டு, கருப்பனுக்கு நான்கு. எருக்கு, கொடிப்பாலை, அரளி எனப் பால் வடியும் செடிகளே இவற்றின் உணவு. மிசிப்பஸ் புழுவுக்கோ உடம்பெல்லாம் முள். ஆண்கள் பெண்களைக் கவர வைத்திருக்கும் வாசனை உறுப்புகள் இன்னும் அழுத்தமான சாட்சி. அவற்றையெல்லாம் ஒப்பிட்டுத்தான் பட்டாம்பூச்சி ஆய்வாளர்கள் ஆக்கரியும் வேன்-ரைட்டும் 1984இல் இக்கூட்டத்தின் வம்சாவளியை எழுதினார்கள்.

முன்பு தனிக் குடும்பமாக இருந்த இவை, இன்று நிம்ஃபாலிடே குடும்பத்துக்குள் டனைனே என்ற உட்குடும்பம். முன்கால்கள் சுருங்கி, நான்கு கால்களில் நிற்பது இப்பெருங்குடும்பத்தின் அடையாளம். மிசிப்பஸும் இதே குடும்பம்தான், வேறு கிளை.

அடுத்த முறை ஆரஞ்சுப் பட்டாம்பூச்சியைப் பார்க்கும்போது பின்சிறகின் கரும்புள்ளிகளை எண்ணுங்கள். மேல் விளிம்பருகே ஒன்றே ஒன்று இருந்தால் மிசிப்பஸ். நடுவில் மூன்று இருந்தால் பெண் வெந்தய வரியன். நான்கு இருந்தால் ஆண். அந்த நான்காவது புள்ளிதான் வாசனைப் பை.

திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் காலிமனையைச் சுத்தம் செய்பவர்கள் வெந்தய வரியனின் புழுக்களுக்காக ஓர் ஓரத்து எருக்கையாவது விட்டுவைக்க வேண்டும்.