தொட்டிக்குள்ளே ஒரு தோட்டம்... கணக்கு டேலி ஆகணும்!

மீன் தொட்டி வாங்குகிற எல்லோர் மனசிலும் ஒரு சினிமா ஓடும். பச்சைப்பசேலென்று செடிகள்... நடுவே நாலு நியான் டெட்ரா... மேலேயிருந்து சன்னமாக ஒரு வெளிச்சம். ஆபீசில் மேனேஜரிடம் வாங்கிய டோஸை எல்லாம் சாயங்காலம் அந்தத் தொட்டி முன்னால் உட்கார்ந்து கரைத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை!

நடப்பது என்ன? முதல் வாரம் செடி ஜோராக இருக்கும். இரண்டாவது வாரம் இலையெல்லாம் வெளுத்து, கண்ணாடி மாதிரி ஆகும். மூன்றாவது வாரம், ரசத்தில் போட்ட கொத்தமல்லி போலத் துவண்டு மிதக்கும். நாலாவது வாரம் ஆசாமி நேராகக் கடைக்குப் போய், 'இதுக்குச் சாவே கிடையாது' என்று பிளாஸ்டிக் செடி வாங்கி வந்து நட்டுவிடுவார். கேட்டால், "நமக்குச் செடி கைராசி கிடையாது சார்!"

கைராசியாவது, ஜாதகமாவது! பி.காம். படித்தவனுக்குப் புரிகிற மொழியில் சொல்வதானால், தண்ணீருக்குள் செடி வளர்ப்பது ஒரு பாலன்ஸ் ஷீட் சமாச்சாரம். ஒரு பக்கம் வெளிச்சம். மறுபக்கம் கரியமில வாயுவும் உரச்சத்தும். இரண்டும் டேலி ஆனால் செடி வளரும். ஆகாவிட்டால், மிச்சமிருப்பதைப் பாசி வந்து 'ரைட் ஆஃப்' பண்ணிவிடும்!

கண்ணாடிக்குள் முதல் கணக்கு

இது நேற்று முளைத்த சாஸ்திரம் இல்லை. 1779-லேயே யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு டாக்டர், தண்ணீரில் அமுக்கிய இலைகள் வெயிலில் குட்டிக் குட்டிக் குமிழ் விடுவதையும், இருட்டில் 'கப்சிப்' ஆகிவிடுவதையும் கண்டு எழுதிவைத்தார். அந்தக் குமிழ்தான் ஆக்ஸிஜன்.

அப்புறம் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர். ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நாடாப்புல் செடியையும் போட்டுப் பார்த்தார். அவருக்கும் நம் கதைதான். பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கிப் போச்சு! மனிதர் பிளாஸ்டிக் செடி தேடிப் போகவில்லை (அப்போது பிளாஸ்டிக்கே கிடையாது என்பது வேறு விஷயம்). குளத்து நத்தைகளைப் பிடித்து உள்ளே விட்டார். அழுகலை நத்தை தின்றது, தண்ணீர் தெளிந்தது, செடி பிழைத்தது. 1850-ல் இதைக் கட்டுரையாகவே வெளியிட்டார். மீன், செடி, நத்தை என்று மூன்று பேர் கணக்கும் நேரானால் தொட்டி தானே ஓடும் என்பதுதான் அவர் சொன்னது.

வெளிச்சம்: அடக்கி வாசிக்கணும்!

புதிதாக வருகிறவர்கள் பண்ணுகிற முதல் காரியம், 'செடிக்கு வெளிச்சம் நல்லது' என்று பன்னிரண்டு மணி நேரம் லைட்டை எரியவிடுவது. செடிக்கு இது ஓவர்டைம் மாதிரி. ஓவர்டைம் வாங்கினால் சாப்பாடு போட வேண்டாமா? காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் கரியமில வாயு சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். வெளிச்சம் கேட்கிற வேகத்துக்கு அது வந்து சேராது. செடி திணறும். 'எனக்கு இதுவே போதும்' என்று பாசி குஷியாகிவிடும்.

அதனால் முதல் இரண்டு மாதம் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் போதும். அப்புறம் ஏழு, எட்டுக்குப் போகலாம். சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. விளக்கு, பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் நல்லது. எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் டைமர் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள். காலையில் எரிகிறதா, சாயங்காலம் எரிகிறதா என்று செடி கவலைப்படாது. மாலை நாலரையிலிருந்து பத்தரை வரை என்று வைத்துக்கொண்டால், ஆபீஸ் விட்டு வந்து நீங்களும் பார்க்கலாம்.

ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம். நம்ம ஊர் வெயில் நேரே பட்டால் இரண்டே வாரத்தில் தண்ணீர் புதினாச் சட்னி நிறத்துக்கு வந்துவிடும்.

இன்னொன்று... இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் நிறைய ஊற்றினால் தண்ணீர் மட்டுமே 56 லிட்டர். அதாவது 56 கிலோ! கண்ணாடி, மணலையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் எடை. பழைய டி.வி. ஸ்டாண்டை நம்பி ஏற்றி வைத்துவிட்டு, அது சாய்ந்தபின் ஹவுஸ் ஓனரிடம் முழிக்கக் கூடாது.

தரைதான் அஸ்திவாரம்

அடியில் போடுவது இரண்டு, மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள சன்னக் கல் மணல். இரண்டரை அங்குல உயரம் வேண்டும். கலங்கல் போகும்வரை கழுவுங்கள். ஒரு பிடி மணலில் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. தண்ணீர் இன்னும் கடினமாகும், வேண்டாம். போர் தண்ணீர்க்காரர்களுக்கு ஏற்கெனவே இருக்கிற கடினமே தாராளம்! அலங்காரத்துக்கென்று கடற்கரைக் கிளிஞ்சல் போடுவதும் இதே காரணத்தால் கூடாது.

தரையில் வேர்விட்டுச் சாப்பிடும் செடிகளுக்கு, மாத்திரை வடிவில் வரும் வேர் உரத்தை மணலில் புதைத்தால் போதும். மற்றபடி மீன் கழிவே பாதி உரம். மாட்டுச் சாணம், யூரியா என்று விவசாயத்தைத் தொட்டிக்குள் கொண்டுவந்தால் மீன்களுக்குக் கருமாதிதான்.

'சிலிண்டர் வைத்து கரியமில வாயு விடணுமாமே?' என்பீர்கள். ஜப்பானின் தகாஷி அமானோ (1954-2015) காட்டின மாதிரி, காட்டையும் மலையையும் தொட்டிக்குள் கொண்டுவருகிறவர்களுக்கு அது வேண்டும். முதல் தொட்டிக்கு வேண்டாம். சைக்கிள் ஓட்டப் பழகுமுன் புல்லட் எதற்கு?

பிழைக்கத் தெரிந்த ஐவர்

கடையில் சிவப்பாகத் தளதளவென்று ஒரு செடி கண்ணடிக்கும். மயங்காதீர்கள். பெரும்பாலும் அவை நல்ல வெளிச்சமும் சிலிண்டரும் கேட்கிற ராஜகுமாரிகள். பஸ்ஸில் போகிற நமக்குக் கட்டுப்படியாகாது. நமக்குத் தோதான ஐந்து பேர் இவர்கள்:

அனுபியாஸ்: மேற்கு ஆப்பிரிக்கக்காரர். கெட்டி இலை, மெதுவான வளர்ச்சி. நிழலிலும் இருப்பார்.

ஜாவா ஃபெர்ன்: இவரும் அப்படியே. இந்த இருவருக்கும் இஞ்சி மாதிரி ஒரு தண்டு உண்டு. அதை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிட்டால் தானே பிடித்துக்கொள்ளும்.

ஜாவா மாஸ்: ஒரு பிடியைக் கல்லில் கட்டினால் போதும். மீன் குஞ்சுகளுக்கு இதுதான் ஒளிந்துகொள்ளும் இடம்.

கிரிப்டோகொரைன்: கடைகளில் பரவலாகக் கிடைக்கும் வென்ட்டி என்ற வகைக்கு இலங்கைதான் தாய்வீடு. கிட்டத்தட்ட நம்ம ஆளு!

வாலிஸ்னேரியா: வாரிங்டன் வைத்த அதே நாடாப்புல். நம் கடினத் தண்ணீரிலும் சளைக்காமல் மணலுக்கடியில் கொடி ஓட்டிக் குட்டி போட்டுக்கொண்டே போகும்.

சென்னைவாசியாக இருந்தால் கொளத்தூர் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள். வண்ணமீன் வளர்ப்புக்குப் பேர்போன இடம். ஆனால் 'லக்கி பேம்பூ'வை நீர்ச்செடி என்று யாராவது தலையில் கட்டினால் வாங்காதீர்கள். அது தண்ணீருக்குள் வாழ்கிற செடியே இல்லை. முழுசாக மூழ்கடித்தால் மெல்ல மெல்ல அழுகும். அதிர்ஷ்டம் விற்றவருக்குத்தான்!

வாங்கி வந்ததும் பிளாஸ்டிக் தொட்டி, பஞ்சு, ஈயப்பட்டை எல்லாவற்றையும் கழற்றி எறியுங்கள். வேரைக் கத்தரிக்கோலால் கொஞ்சம் குறைத்து, இலை கிளம்பும் கழுத்துப் பகுதி மணலுக்கு மேலே தெரிகிற மாதிரி நடுங்கள். கழுத்துவரை புதைப்பது செடிக்கும் ஆகாது.

அந்தக் கண்டம்... முதல் மாதம்!

இங்கேதான் பாதிப் பேர் தோற்கிறார்கள். நட்ட பத்தாம் நாள் கிரிப்டோகொரைன் இலையெல்லாம் கரைந்து கூழாகும். 'செத்துப் போச்சு' என்று பிடுங்கி எறிந்துவிடுவார்கள். அது சாகவில்லை சார், வேஷம் மாற்றுகிறது! பண்ணைகளில் இந்தச் செடிகளைப் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில்தான் வளர்க்கிறார்கள். அங்கே விட்ட இலை வெளியுலகத்துக்கு. தண்ணீருக்குள் வந்ததும் பழையதைக் கழித்துவிட்டு, மெல்லிசாகப் புது இலை விடும். வேர் உறுதியாக இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். கூழான இலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். தீர்ப்புச் சொல்வதானால் புது இலையைப் பார்த்துச் சொல்லுங்கள், பழசைப் பார்த்து அல்ல.

ஒரு மாதம் கழித்தும் சரியில்லை என்றால் இலையே லெட்ஜர் மாதிரிக் கணக்கு காட்டும். பழைய இலை முழுக்க மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்து போதவில்லை. பழைய இலையில் ஊசி குத்தியது போல் ஓட்டைகள் விழுந்தால் பொட்டாசியத்தைச் சந்தேகிக்கலாம். புது இலை வெளுத்து வந்தால் இரும்புச்சத்து. கடைகளில் விற்கும் திரவ உரத்தை, பாட்டிலில் போட்டிருப்பதில் பாதி அளவில் ஆரம்பியுங்கள்.

மீனை அவசரப்பட்டு விடாதீர்கள். இது செடி விஷயம் மட்டுமல்ல, உயிர் விஷயம். மீன் வெளிவிடும் அம்மோனியா அதற்கே விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரிலும் மணலிலும் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். செடிகளும் அந்த அம்மோனியாவைச் சாப்பிட்டு உதவும். அதனால் செடி முதலில், மீன் பிறகு, அதுவும் நாலைந்தாக! கப்பி, பிளாட்டி, மோலி போதும். தங்கமீன் விட்டால் கீரைப்பாத்தியில் கோழியை விட்ட கதைதான். கடித்தும் தின்னும், பிடுங்கியும் போடும்.

வாராவாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றணும். இரண்டடித் தொட்டிக்கு 14 லிட்டர், அதாவது ஒரு பக்கெட். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் என்றால், அதற்கென்று விற்கும் குளோரின் நீக்கியில் சில சொட்டு விட்டு ஊற்றுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சை மட்டும் குழாயடியில் கசக்காதீர்கள். ஆறு வாரம் வளர்ந்த பாக்டீரியா ஆறு நிமிஷத்தில் போய்விடும். வெளியே எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசினால் போதும். சனிக்கிழமை மேட்னி பார்க்கிற நேரம்கூட ஆகாது.

லாபத்தை எங்கே கொட்டுவது?

ஆறாவது மாதம் வேறு பிரச்னை வரும். செடி மண்டிப் போய், வாராவாரம் ஒரு கொத்து வெட்ட வேண்டியிருக்கும். இதுதான் லாபம். இதை ஏரியிலோ கோயில் குளத்திலோ மட்டும் கொட்டிவிடாதீர்கள்!

நம் ஏரிகளை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டதுதான். 2020-ல் கேரளாவின் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் நீர்நிலை முழுக்க ரோஜா நிறத்தில் பூத்துக் குலுங்கியது. ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். பூத்தது கபோம்பா. மீன் தொட்டிகளில் வளர்க்கப்படும் தென் அமெரிக்கச் செடி! அழகாகப் பூத்தாலும், உள்ளூர்ச் செடிகளுக்கு இடமில்லாமல் பண்ணிவிடும் ஆக்கிரமிப்பாளர் என்று விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். தொட்டியில் சமர்த்தாக இருப்பது குளத்தில் ரவுடியாகிவிடும்.

வெட்டிய செடியைப் பக்கத்து சீட்டுக்காரருக்கு ஒரு கவரில் போட்டுக் கொடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துப் பூந்தொட்டி மண்ணில் கலந்துவிடுங்கள்.

பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுக்கும்போது கூடவே ஒன்றும் சொல்லிக் கொடுங்கள்: "முதல் ஒரு மாசம் கையை மட்டும் உள்ளே விடாதீங்க!" பாதித் தொட்டிகள் அதிலேயே பிழைத்துக்கொள்ளும்.