பனிக்கட்டியில் ஒரு போர்க்கப்பல்



சர்பத்தில் இட்ட ஐஸ் கட்டி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்? மிஞ்சினால் பத்து நிமிடம். அந்த ஐஸ் கட்டியில் விமானந்தாங்கிக் கப்பலொன்றைக் கட்டலாம் என்று ஒருவர் சொன்னால் சிரிக்கமாட்டீர்களா? இரண்டாம் உலக யுத்தத்தில் அப்படிச் சொன்னவரைப் பார்த்துப் பிரித்தானிய அரசு சிரிக்கவில்லை.

அது 1942ஆம் ஆண்டு. உணவும் ஆயுதமும் ஏற்றிவந்த கப்பல்களை ஜெர்மனிய நீர்மூழ்கிகள் அத்திலாந்திக் சமுத்திரத்தில் மூழ்கடித்துக் கொண்டிருந்தன. கரையிலிருந்து எழும் விமானங்களால் நடுக்கடல்வரை சென்று காவல்புரிய முடியவில்லை. மாலுமிகள் மாண்டனர். கடல்நடுவே விமானத்தளம் வேண்டும், உருக்குக்கோ தட்டுப்பாடு. "பனிக்கட்டியில் கட்டுவோம்" என்றார் ஜெப்ரி பைக் என்ற ஆங்கிலேயர். பின்னாளில் கண்டியில் தலைமையகம் அமைத்திருந்த மவுண்ட்பேட்டன் பிரபுவே இதைப் பிரதமர் சேர்ச்சிலிடம் எடுத்துச் சென்றவர். திட்டத்தின் பெயர் 'ஹபக்குக்'.

வெறும் ஐஸ் இலகுவில் நொறுங்கும். நூற்றுக்குப் பதினான்கு பங்கு மரக்கூழ் கலந்து உறையவைத்தாலோ உறுதியாகிறது, உருகுவதும் தாமதிக்கிறது. இதற்கு 'பைக்ரீட்' என்று பெயர். 1943 கியூபெக் மாநாட்டில் மவுண்ட்பேட்டன் இரு கட்டிகளைக் கைத்துப்பாக்கியால் சுட்டுக் காட்டினார். சாதாரண ஐஸ் சிதறியது. பைக்ரீட்டில் பட்ட குண்டோ தெறித்துப் பறந்தது!

கனடாவின் பட்ரீசியா ஏரியில் 60 அடி நீளம், 30 அடி அகலத்தில் 1000 தொன் மாதிரியொன்றும் கட்டப்பட்டது. அதைக் குளிர்விக்க ஒரு குதிரைவலு இயந்திரமே போதுமாயிருந்தது.

அப்படியானால் கப்பல் ஏன் கட்டப்படவில்லை?

உண்மைக் கப்பல் 2000 அடி நீளம். எடை இருபது லட்சம் தொன். லண்டன் இறைச்சிச் சந்தையொன்றின் நிலவறைக் குளிரறையில் ஆராய்ந்த மெக்ஸ் பெரூட்ஸ் ஓர் உண்மையைக் கண்டார். பைக்ரீட் தன் பாரத்தாலேயே மெல்லமெல்லத் தொய்ந்துவிடும்! அதைத் தடுக்கப் பூச்சியத்துக்குக் கீழே சுமார் 15 பாகை செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். அதற்குக் குழாய்கள், குளிரூட்டும் இயந்திரங்கள், வெப்பம் புகாத உறை எல்லாம் தேவை. எந்த உருக்கை மிச்சப்படுத்த நினைத்தார்களோ, அதே உருக்கே மலையளவு தேவைப்பட்டது. இதற்கிடையே நெடுந்தூரம் பறக்கும் விமானங்கள் வந்தன. போர்த்துக்கல் அசோர்ஸ் தீவுகளில் தளம் தந்தது. திட்டம் கைவிடப்பட்டது. மாதிரி ஏரியிலேயே மூழ்கியது.

பெரூட்ஸ் இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆராய்ந்து 1962இல் நோபல் பரிசு பெற்றார்.

பெற்றோர்களே! நாளை உங்கள் பிள்ளை விசித்திரமான யோசனையொன்றைச் சொன்னால் சிரித்து வாயடைத்துவிடாதீர்கள். "சிறிதாகச் செய்து பார், கணக்கிட்டுப் பார்" என்று சொல்லுங்கள். கணக்கு இடம்தராவிட்டால், வெட்கப்படாமல் விட்டுவிடவும் கற்றுக்கொடுங்கள். அதுவும் அறிவுதான்.