ரத்தத்தில் தென்படாத கிருமி, நுரையீரலில்

கிருமியின் அளவைக் காட்டும் வைரல் லோடு பரிசோதனையில் ‘கிருமி தென்படவில்லை’ என்று முடிவு வந்தால், எச்.ஐ.வி.யோடு வாழ்பவருக்கு அது பெரிய நிம்மதி. மருந்தை விடாமல் எடுத்து அந்த நிலையிலேயே நீடிப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகக் கிருமி பரவாது என்பது இன்று உறுதியான உண்மை. ஆனால் அந்தப் பரிசோதனை பார்ப்பது ரத்தத்தை மட்டும்தான்.

கனடாவின் மான்ட்ரியல் நகர ஆய்வாளர்கள் நுரையீரலுக்குள் பார்த்தார்கள். பல ஆண்டுகளாகக் கூட்டு மருந்து எடுத்து, ரத்தத்தில் கிருமி அடங்கியிருந்தவர்களின் நுரையீரலைக் குழாய்வழி உப்புநீரால் கழுவி, அதில் வந்த செல்களைச் சோதித்தார்கள். அவற்றில் நோய் எதிர்ப்புக்கான சி.டி.4 வகைச் செல்களில், ரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு எச்.ஐ.வி. மரபுப்பொருள் இருந்தது.

இது மருந்தின் தோல்வியல்ல. கிருமி பெருகுவதற்குத் தேவையான நொதிகளை மாத்திரை தடுக்கிறது. ஆனால் செல்லின் மரபணுவுக்குள் தன்னைச் செருகிக்கொண்டு சும்மா கிடக்கும் கிருமியிடம், மாத்திரை தடுப்பதற்கு எந்த வேலையும் நடப்பதில்லை. நுரையீரலின் காற்றுப்பைகளில் தூசியையும் கிருமிகளையும் விழுங்கிச் சுத்தம் செய்யும் மேக்ரோபேஜ் செல்கள் நீண்ட காலம் வாழ்பவை, எச்.ஐ.வி. அவற்றிலும் புகுகிறது. மருந்து தொடங்காதவர்களிடம் ஆப்பிரிக்காவின் மலாவியில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், தொற்றுள்ள மேக்ரோபேஜ்களின் விழுங்கும் திறனே குறைந்திருந்தது. காவல் நிற்க வேண்டிய செல்லே முடங்கினால், காசநோய்க்கும் நிமோனியாவுக்கும் வழி திறந்துவிடுகிறது.

‘இல்லை என்று வந்துவிட்டதே’ என்று மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலேயே கிருமி ரத்தத்துக்குத் திரும்பிவிடும். 33 நாடுகளில் 5,472 பேரிடம் நடந்த ‘ஸ்மார்ட்’ ஆய்வு 2006-இல் வெளியானது. சி.டி.4 எண்ணிக்கை நன்றாக இருந்தபோது மருந்தை நிறுத்தி நிறுத்தி எடுத்தவர்களுக்கு, விடாமல் எடுத்தவர்களைவிட நோயோ மரணமோ இரு மடங்குக்கு மேல் நேர்ந்தது.

நுரையீரலும் எச்.ஐ.வி.யும் எவ்வளவு நெருக்கம் என்பதைத் தாம்பரம் சானடோரியம் நன்கறியும். 1928-இல் காசநோய்க்காகத் தொடங்கிய அந்த மருத்துவமனை, பின்னாளில் எச்.ஐ.வி. சிகிச்சையில் நாட்டின் முக்கிய இடமானது. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து முதலில் தொடங்கிய மையங்களில் அதுவும் ஒன்று. உலக அளவில் இன்றும் எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொல்வது காசநோய்தான். ஆகவே இவர்களுக்கு இருமல் எத்தனை நாளாக இருந்தாலும், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை இருந்தாலும் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. காசநோய் இல்லை என்று உறுதியானால், அது வராமலிருக்கத் தடுப்பு மருந்தை, கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்டு இலவசமாகப் பெறலாம். புகைபிடிப்பதை நிறுத்துவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

சிகிச்சை மறுக்கப்படுமோ என்று பலர் பயந்து, நெஞ்சக மருத்துவரிடம் எச்.ஐ.வி. இருப்பதையே மறைக்கிறார்கள். பயம் புரிகிறது; ஆனால் விலை பெரிது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். அதனால் 12 மணி நேரம் கழித்து அதே மருந்தின் இன்னொரு 50 மில்லிகிராம் மாத்திரை தேவைப்படும். இன்னொரு எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனாவிர் எடுப்பவருக்கு, ஆஸ்துமாவுக்கான ஃப்ளூட்டிகசோன் இன்ஹேலர்கூட உடலில் ஸ்டீராய்டைக் குவித்துக் கெடுதல் செய்யும்.

மருத்துவரிடம் சொல்வதற்குச் சட்டத்தின் துணை உண்டு. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பது தடைசெய்யப்பட்ட பாகுபாடு. நுரையீரலைக் குழாய்வழி பார்க்கும் ப்ராங்கோஸ்கோபிக்கோ அறுவை சிகிச்சைக்கோ முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனையைத் திணிக்கக் கூடாது. ஒப்புதல் இல்லாமல் எச்.ஐ.வி.க்காக ரத்தம் சோதிக்கவும் கூடாது. நோயாளியின் நிலையைக் கண்டவரிடம் சொல்லவும் கூடாது. 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் மருத்துவமனையில் புகார் அலுவலர் இருக்க வேண்டும். அங்கே தீராவிட்டால் மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் புகார் தரலாம்: 30 நாட்களுக்குள் உத்தரவு வர வேண்டும், உயிர் அவசரம் என்றால் இயன்றவரை 24 மணி நேரத்துக்குள். யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் அருகிலுள்ள எச்.ஐ.வி. ஆலோசனைக்கான நம்பிக்கை மையத்திலோ 1097 என்ற இலவச எண்ணிலோ கேட்கலாம்.