அதிகாரம் ஓர் அமானிதம்



வாழ்வைப் பற்றியும் மனித இயல்பைப் பற்றியும் அறிஞர்கள் சொல்லிச் சென்ற பொன்மொழிகள் ஏராளம். அவற்றுள் அதிகாரம் குறித்தவற்றை நாம் மிகவும் விரும்பி எடுத்தாள்கிறோம். அவை பிறரையே சுட்டுகின்றன என்ற எண்ணமே அதற்குக் காரணம். ஆட்சியாளர்களை நோக்கி அவற்றை வீசும் நாம், நம் கையிலுள்ள அதிகாரத்தை அவற்றால் அளந்து பார்ப்பதில்லை.

அதிகாரம் மனிதனைக் கெடுத்துவிடும் என்பர். ஆங்கில வரலாற்றறிஞர் ஆக்டன் பிரபு, 1887ஆம் ஆண்டு மாண்டெல் கிரைட்டன் என்ற வரலாற்றாசிரியருக்கு எழுதிய கடிதத்திலிருந்து பரவிய கருத்து இது. போப்பாண்டவர்களின் குற்றங்களைக் கிரைட்டன் மென்மையாக எடைபோட்டார் என்பதே ஆக்டனின் குறை. ஆக்டனோ கத்தோலிக்கர், தம் சமயத் தலைவர்களுக்கும் அதே அளவுகோலைத்தான் வைத்தார். மேலும், அதிகாரத்திற்குக் கெடுக்கும் போக்கு உண்டு என்றுதான் அவர் எழுதினார். கட்டற்ற அதிகாரத்தைப் பற்றி மட்டுமே உறுதியாகத் தீர்ப்புரைத்தார்.

இவ்வேறுபாடு சிறியதன்று. கெடுத்தே தீரும் என்றால், ஆள்பவனுக்கு அதுவே சாக்காகிவிடும். கெடுக்கும் போக்கு உண்டு என்றால், அதைத் தடுக்கும் கடமையும் உண்டாகிவிடும்.

எவ்வாறு தடுப்பது? கி.பி. 161 முதல் 180 வரை ரோமப் பேரரசை ஆண்ட மார்கஸ் அவ்ரேலியஸ், தமக்குத் தாமே அறிவுரைகள் எழுதி வைத்துக்கொண்டார். அரச அங்கியின் சாயம் தம் உள்ளத்தில் ஏறிவிடக் கூடாது என்றும் தம்மை எச்சரித்துக்கொண்டார். எனினும், 177இல் தம் மகன் கொம்மோடஸை உடன் பேரரசராக்கினார். தந்தைக்குப் பின் அம்மகனின் ஆட்சி கொடுங்கோலாயிற்று. தன்னைத் தானே எச்சரித்துக்கொள்வது மேலானதே. ஆனால் அது மட்டும் போதாது.

ஹிஜ்ரி 11இல் (கி.பி. 632) கலீஃபாவாகப் பொறுப்பேற்ற ஹழ்ரத் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களின் முதல் உரையைப் பாருங்கள். தாம் மக்களில் சிறந்தவர் அல்லர் என்றே தொடங்கினார்கள். நேர்வழியில் நடந்தால் உதவுமாறும், தவறினால் திருத்துமாறும் மக்களைக் கேட்டார்கள். எளியவருக்கு உரிய உரிமை கிடைக்கும்வரை அவரே தம்மிடம் வலியவர் என்றும், வலியவரிடமிருந்து பிறர் உரிமையைப் பெறும்வரை அவரே தம்மிடம் எளியவர் என்றும் அறிவித்தார்கள். இறைவனுக்கும் அவன் தூதருக்கும் தாம் மாறுசெய்தால், தமக்குக் கீழ்ப்படியத் தேவையில்லை என்றும் கூறினார்கள். தம்மைத் திருத்தும் உரிமையைப் பதவியேற்ற வேளையிலேயே மக்களின் கையில் ஒப்படைத்தார்கள்.

சகோதரர்களே! நாம் கலீஃபாக்கள் அல்லர். எனினும், ஒவ்வொருவரும் மேய்ப்பாளரே. ஒவ்வொருவரும் தம் பொறுப்பிலுள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். கணவனுக்கு வீட்டில் அதிகாரம் உண்டு. முதலாளிக்குக் கடையில் உண்டு. முத்தவல்லிக்கு ஜமாஅத்தில் உண்டு. மிம்பரில் நிற்கும் இமாமுக்கும் உண்டு. "நீங்கள் செய்வது தவறு" என்று நம் மனைவி அச்சமின்றிச் சொல்ல முடிகிறதா? கடைப் பையனால் கூலிக் கணக்கைத் திருப்பிக் கேட்க முடிகிறதா? முடியவில்லையெனில், நம் அதிகாரமும் கட்டற்றதே, அளவில்தான் சிறியது.

பொன்மொழியைப் பிறருக்குச் சொல்வதற்கு முன், நம்மைத் திருத்தும் உரிமையை நமக்குக் கீழுள்ள ஒருவருக்கேனும் வழங்குவோம். அவர் திருத்தும்போது சினம் கொள்ளாதிருப்போம். வல்ல அல்லாஹ் அதற்கு நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.